நாற்பத்தொன்றாவது அட்டை

எலிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. அதனால் பத்தொன்பது வருட வேலையில் நான் விடுப்பு எடுத்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்தக் காவல் நிலையத்தில் தாளும் பேனாவும் கொடுத்து எழுதச் சொன்ன நீங்கள் முதலில் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். வேலையில் என்மேல் ஒரு புகாரும் வந்ததில்லை.

உங்கள் குறிப்பில் ‘விஷம்’ என்று ஒரு சொல் இருக்கிறது. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தாலும் தலைகீழாக வாசிக்க எனக்கு வரும். தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள். அது விஷமில்லை, உணவு. ஒரு கொடியில் காய்க்கிற விதை. பஞ்ச காலத்தில் மனிதர்கள் அவித்துத் தின்றிருக்கிறார்கள். அதன் பெயரைச் சொல்லமாட்டேன். கெட்ட எண்ணம் உள்ளவர்கள் காதில் விழுந்தால் வம்பு.

நான் ஆய்வுக்கூடத்தில் விலங்கு அறைப் பராமரிப்பாளர். கூண்டில் மரத்தூள் மாற்றுவது, தண்ணீர்க் குப்பியை நிரப்புவது, தீனி நிறுப்பது, எடை பார்த்து எழுதுவது என் வேலை. ஐந்து வருடங்களுக்கு முன்பு ஆய்வாளர் அம்மா ஒரு புதிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். செடிகொடிகளிலிருந்து கிடைக்கும் உணவு பெண் எலிகளின் கருப்பையை என்ன செய்கிறது என்று பார்ப்பது. நாற்பது பெண் எலிகள், நாற்பது கூண்டுகள், கூண்டுக்கு ஓர் அட்டை. தினம் காலையில் நான் எலியைப் பிடித்துக்கொள்வேன். அவர் அதன் பிறப்புறுப்பிலிருந்து ஒரு சொட்டு நீர் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி, நுண்ணோக்கியில் பார்த்து, மாதவிலக்கு மாதிரி அதற்கும் ஒரு சுழற்சி உண்டே, அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்வார். நான் அட்டையில் எழுதுவேன். என் கையெழுத்து அச்சடித்தது போல் இருக்கும் என்று வெளியிலிருந்து வந்த பேராசிரியர்கள்கூடச் சொல்லியிருக்கிறார்கள்.

விதை மாவு கலந்த தீனியைத் தின்ற எலிகளுக்கு மூன்றாம் வாரம் சுழற்சி நின்றுபோனது. ஆண் எலியோடு விட்டாலும் கரு தங்கவில்லை. மற்றபடி ஒரு குறையும் இல்லை, உடம்பில் ரோமம் பளபளவென்று இருந்தது. மாவை நிறுத்தியதும் பத்தில் எட்டு எலிகள் பழையபடி ஆகிக் குட்டி போட்டன. இரண்டுக்கு மட்டும் திரும்பவில்லை. பத்தில் எட்டு என்பது நல்ல எண்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம். என் மனைவி தங்கமானவள். நான் வேலையிலிருந்து வரும்வரை சாப்பிடாமல் காத்திருப்பாள். நான் தும்மினால் அடுத்த அறையிலிருந்து “என்னங்க, என்ன ஆச்சு?” என்று குரல் வரும். அதுவரை என் தும்மலை யாரும் காதில் வாங்கியதில்லை. எனக்கு ஆறு வயதாக இருந்தபோது தங்கை பிறந்தாள். அன்றிலிருந்து என் தட்டில் நானேதான் போட்டுச் சாப்பிட்டேன். அம்மாவைக் குறை சொல்லவில்லை. பிள்ளை பெற்றவர்களுக்குக் கண் வேறு பக்கம் திரும்பாது. பதினேழாம் கூண்டு எலி என் சட்டைக் கையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும் அளவுக்கு ஒட்டுதலாக இருந்தது. குட்டி போட்ட அன்று அதே கையைக் கடித்தது. தையல் போட்ட தழும்பு இருக்கிறது, வேண்டுமானால் பாருங்கள்.

“நமக்கும் ஒண்ணு பொறந்தா நல்லாயிருக்கும்ல?” என்று அவள் பேச ஆரம்பித்தபோது நான் மறுக்கவில்லை. மறுத்தால் சண்டை வரும். எனக்குச் சண்டை பிடிக்காது.

எலியின் எடைக்கு இவ்வளவு என்றால் மனிதர் எடைக்கு எவ்வளவு என்று ஆய்வாளர் அம்மாவிடமே கேட்டுக்கொண்டேன். “பரவாயில்லையே, உங்களுக்கும் ஆராய்ச்சியில ஆர்வம் வந்துடுச்சு” என்று சந்தோஷப்பட்டார். அதற்கப்புறம் தினமும் காலையில் என் மனைவிக்கு நானே கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். அவள் கட்டிலைவிட்டு எழுந்து வரும்போது குடிக்கிற சூட்டில் இருக்கும். எதிர்வீட்டுத் தையல்காரம்மா அவளைப் பார்த்து, “கொடுத்து வச்சவ நீ. எங்க வீட்டு மனுஷனுக்கு அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது” என்பார். அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பாக இருக்கும்.

நான்கு வருடங்கள் அப்படிப் போயின. நடுவில் மருத்துவர்களைப் பார்த்தோம். ஒரு தடவைகூட அவளைத் தனியாக அனுப்பியதில்லை. கைப்பையை நான்தான் வைத்துக்கொண்டிருப்பேன். ஒரு மருத்துவர், “சாப்பாடெல்லாம் எப்படி?” என்று கேட்டார். “காலையில சத்துக் கஞ்சி, இவரே போட்டுத் தருவார்” என்றாள். அவர் பக்கத்தில் நின்ற பயிற்சி மருத்துவர்களிடம், “பாருங்கப்பா, இப்படி இருக்கணும்” என்றார்.

என் அம்மா வீட்டுக்கு வந்து, வேறு பெண் பார்க்கட்டுமா என்று அவள் காதுபடவே கேட்டார். “எனக்கு இவ போதும். பிள்ளை இல்லாட்டி என்ன குடியா முழுகிப்போச்சு?” என்று நான் கேட்டேன். என் மனைவி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இப்படிப் பேசுகிற கணவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

போன வருடம் அவளுடைய அக்கா மாடிப்படியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். துணைக்குப் போனவள் மூன்று மாதம் அங்கேயே இருந்தாள். இடையிடையே நான் போய்த் தங்கிவிட்டு வந்தேன். கஞ்சியை அங்கே கொண்டுபோக முடியவில்லை. திரும்பி வந்த மூன்றாம் நாள், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் முன்னால் வந்து நின்றாள். “நாள் தள்ளிப் போயிருக்குங்க. டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன்” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், பிறகு அழுதாள். நான் பழம் வாங்கி வந்தேன்.

கருவுற்ற எலிகளுக்கு அந்த மாவைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அட்டைகளில் எழுதியவன் நான். ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று இங்கே பொய் சொல்ல விரும்பவில்லை. அளவை இரண்டு மடங்காக்கினேன். “கஞ்சி கொஞ்சம் கசக்குதே” என்றாள். “இந்த நேரத்துல வாய் அப்படித்தான் இருக்கும்” என்றேன். பாவம், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள். குழந்தைக்கு நல்லது என்று நினைத்தாள். பதினோராம் நாள் வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சிகிச்சை அறையிலிருந்து வெளியே கொண்டுவந்து படுக்கவைத்ததும், “மன்னிச்சுடுங்க, என்னால காப்பாத்த முடியல” என்றாள். “பரவாயில்ல, விடு” என்றேன். எனக்கு அவள்மேல் கோபமே இல்லை.

மாட்டிக்கொண்டது என் ஒழுங்கினால்தான். எதையும் எழுதிவைக்காமல் எனக்கு வராது. நாற்பது எலிகளின் அட்டைகளோடு நாற்பத்தொன்றாவதாக ஓர் அட்டையை அலமாரியில் வைத்திருந்தேன். கட்டுரை எழுத உட்கார்ந்த ஆய்வாளர் அம்மா எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்திருக்கிறார். என்னைக் கூப்பிட்டு, “இதுல எடை ஐம்பத்திரண்டு கிலோன்னு போட்டிருக்கு. எலி எடையைத் தப்பா எழுதிட்டீங்களா?” என்று கேட்டார்.

“தப்பில்லைம்மா, சரிதான்” என்றேன்.

அவர் அட்டையை மறுபடி வாசித்தார். முக்காலியில் உட்கார்ந்தார். “உங்க வீட்டம்மாவுக்கு இது தெரியுமா?” என்றார்.

“தெரிஞ்சா குடிக்கமாட்டாளேம்மா” என்றேன்.

அவர்தான் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் வந்து, கூண்டுகளுக்கு நடுவில் நின்றபடி அட்டையைப் படித்தாள். பதினோராம் நாளுக்கு நேராக நான் எழுதியிருந்த வரியில் விரலை வைத்து, “இது அதுவா?” என்று கேட்டாள். “ஆமாம்” என்றேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அட்டையின் மேல்பக்கத்தைக் காட்டி, “நம்பர் போட்டிருக்கீங்க. என் பேரையாவது எழுதியிருக்கக் கூடாதா?” என்றாள். பெயர் எழுதும் வழக்கம் அங்கே இல்லை என்று விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

ஆக, செய்தது நான். நான்கு வருடங்கள், தினமும், என் கையால், அவளுக்குத் தெரியாமல் செய்தேன். வயிற்றில் தங்கிய ஒன்றையும் நான்தான் கலைத்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. படித்துப் பார்த்துக் கையெழுத்தும் போட்டுவிடுகிறேன்.

அவள் இப்போது அக்கா வீட்டில் இருப்பதாகச் சொன்னீர்கள். நல்லது. எனக்கு ஒரே ஒரு உதவி செய்யுங்கள். பின்னால் அவளுக்கு வேறொரு வாழ்க்கை அமைந்து பிள்ளை பிறந்தால், நான் எங்கே இருந்தாலும் ஒரு வரி எழுதித் தெரியப்படுத்துங்கள். பிறந்துவிட்டால், நான் அவளுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை என்று ஆகிவிடும்.