எட்டு கோலுக்கு ஓர் ஆள்

டீ ஆறிவிடப் போகிறது, குடியுங்கள். இந்தக் கடையில் பால் கொஞ்சம் தண்ணியாகத்தான் இருக்கும், ஆனாலும் சூடாகத் தருவான். டோல்கேட்டிலிருந்து ராயபுரம் வரைக்கும் என்னைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் டீம் ஆறு கோல் வாங்கிய சேதி எனக்கும் வந்தது. பையன்கள் பிராக்டீசுக்கு வருவதில்லை, வந்தாலும் ஒருவன் முகத்தை ஒருவன் பார்ப்பதில்லை என்கிறீர்கள். போன வருஷம் எட்டு கோல் வாங்கிய டீமை அதே சீசனில் கப் தூக்க வைத்தவன் அத்தாவுல்லா, அவனைக் கேட்டால் வழி சொல்வான் என்று யாரோ அனுப்பியிருக்கிறார்கள். வழி இருக்கிறது. சொல்கிறேன்.

நான் துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற விஞ்ச் ஓட்டுகிறவன். எங்கள் டீமில் பாதிப் பேர் ஹார்பர் ஆட்கள், மீதிப் பேர் காசிமேட்டுப் பக்கம் கட்டுமரத்தில் போகிறவர்கள். எல்லோரும் வெறுங்காலோடுதான் ஆடுவோம். ஆடி மாதத்தில் ஒரு நாள், கொட்டுகிற மழையில், ஒரு மில் டீம் எங்களைப் புரட்டிப் போட்டது.

தோல்வி சின்னதாக இருந்தால் கோபம் வரும், அது நல்லது. பெரிதாக இருந்தால் பயம் வரும். ஆளாளுக்குத் தன்னால்தான் போச்சு என்று உள்ளே புழுங்குவான், வெளியே அடுத்தவன் மேல் எரிந்து விழுவான். அடுத்த மேட்சில் எங்கள் சென்டர் பார்வர்டு ஹுமாயூன் கோலுக்கு எதிரே தனியாக நின்றுகொண்டு, அடிக்கத் தைரியம் இல்லாமல் பந்தைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டான். அதிலும் தோற்றோம். இன்னொன்று தோற்றால் டீமையே கலைத்துவிடுவதாகக் கமிட்டியில் பேச்சு.

அப்போது எனக்கு ஒன்று புரிந்தது. தப்பு பதினோரு பேருக்கும் பொதுவாக இருக்கிறவரை யாராலும் எழுந்திருக்க முடியாது. அதை ஒருத்தன் தலையில் இறக்கி வைத்தால் மற்ற பத்துப் பேரும் நிமிர்ந்துவிடுவார்கள். அந்த ஒருத்தனை யாராவது தேர்ந்தெடுக்க வேண்டும். நான் கேப்டன்.

எங்கள் கோல்கீப்பர் பேர் மண்ணாங்கட்டி. முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை, இதுவாவது நிலைக்கட்டும் என்று அப்படிப் பேர் வைத்தார்களாம். நல்ல உயரம், வலை இழுத்து முறுகிய கை. அவனும் எங்கள் லெப்ட் ஹாப் ராமதாசும் ஒரே குப்பத்து ஆட்கள், ஒரே கட்டுமரத்தில் சேர்ந்து கடலுக்குப் போகிறவர்கள். மில் டீமோடு ஆடிய அன்று காலையில் மண்ணாங்கட்டி ஒரு பக்கத்து வீட்டுக் கிழவருக்குப் பாடை தூக்கிவிட்டு நேரே மைதானத்துக்கு வந்தான். சாவுக்குப் போனவன் தலை முழுகாமல் கட்டுமரத்தில் கால் வைக்கக் கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. வைத்தால் கடலம்மாவுக்கு ஆகாது, கூட வருகிறவனுக்கும் ஆகாது. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அவர்களுக்கு உண்டு.

அவன் தலை முழுகிவிட்டுத்தான் மேட்ச் ஆடினான். மைதானத்துக்குப் பின்னால் இருக்கிற குழாயடியில் முழுகினான். மற்ற பையன்கள் கொட்டகைக்குள்ளே காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு வாளியில் பிடித்துத் தண்ணீர் ஊற்றியவன் நான். வேறு யாரும் பார்க்கவில்லை.

நான் பொய் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். ராமதாசிடம் ஒரு கேள்விதான் கேட்டேன். "சாவுக்குப் போயிட்டு வந்தானே, தல முழுகினானா?" என்றேன். அவன் முகம் மாறியது. "தெரிலியே பாய். முழுகாமலா கோல்ல நின்னான்? அதான் எட்டு வுழுந்துதா?" என்றான். மறுநாள் பிராக்டீசில் எல்லோர் வாயிலும் அதே பேச்சு.

மண்ணாங்கட்டி முதலில் சிரித்தான். "இன்னாங்கடா பேஜாரு பண்றீங்கோ. பாய்தான் தண்ணி ஊத்துனாரு. சொல்லு பாய் இவனுங்களாண்ட" என்றான். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். தோற்ற நாளுக்குப் பிறகு அவர்கள் எல்லோரும் ஒன்றாக நின்று ஒரே பக்கம் பார்த்தது அப்போதுதான். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"எனக்கு நெனப்பு இல்லப்பா" என்றேன்.

அவன் தன் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஆனால் டீம் எழுந்துவிட்டது. அதையும் சொல்ல வேண்டும். அன்று சாயந்திரமே பையன்கள் ஒருவனை ஒருவன் கேலி செய்துகொண்டு ஓடினார்கள். வேறு ஒருவனைக் கோலில் நிறுத்தினோம், அடுத்த மேட்சை ஜெயித்தோம். ஹுமாயூன் இரண்டு கோல் போட்டான். யாரும் தன்னைத் தானே கரித்துக்கொள்ளவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மில் டீமோடு ஆடிய அன்று கமிட்டி எங்களுக்கு பூட்ஸ் வாங்கி வைத்திருந்தது. மழை பெய்கிறது, போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். நம் பையன்களுக்குப் பழக்கமில்லை, வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். முதல் பத்து நிமிஷத்திலேயே சேற்றில் வழுக்கி வழுக்கி விழுந்தோம். கமிட்டியில் அந்தப் பேச்சும் மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. மண்ணாங்கட்டி விஷயம் வந்த பிறகு பூட்ஸைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் அதற்காக நான் செய்யவில்லை. டீமுக்காகத்தான் செய்தேன்.

மைதானத்தில் போட்ட பேச்சு மைதானத்தோடு நிற்கும் என்று நினைத்தேன். அது குப்பத்துக்குப் போய்விட்டது. இரண்டு நாள் மீனில்லாமல் வலை வெறுமையாக வந்ததும் ராமதாஸ் அவனை விட்டு விலகினான். மற்றவர்களும் சேர்த்துக்கொள்ளவில்லை. தீட்டோடு நின்று பொய்யும் சொன்னவன், ராசி கெட்டவன் என்றார்கள். கட்டுமரத்தைத் தனி ஆளாகத் தள்ளிக்கொண்டு போவது எப்படிப்பட்ட வேலை என்று கடலோரத்தில் இருக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஐப்பசி பிறந்தபோது அவன் பெண்சாதி கெங்கம்மா ஹார்பர் வாசலில் எனக்காகக் காத்திருந்தாள். "பாய், வூட்ல அடுப்பு எரிஞ்சி நாளாவுது. ஒண்டியாவே கடலுக்குப் போறேன்னு நிக்கிறாரு. காத்து வேற சரியில்ல. நீ வந்து ஒரு வார்த்த சொல்லு பாய், நாந்தான் தண்ணி ஊத்துனேன்னு. நீ சொன்னா எல்லாரும் கேட்டுக்குவாங்கோ" என்றாள்.

அந்த வாரம்தான் பைனல். ராமதாஸ் அப்போதுதான் நன்றாக ஆடத் தொடங்கியிருந்தான். ஒரு பாவமும் அறியாத தோஸ்தைத் தள்ளி வைத்துவிட்டோம் என்று தெரிந்தால் அவன் கால் நகராது.

"பைனல் முடியட்டும் தங்கச்சி. நானே வந்து சொல்றேன்" என்றேன்.

"சரி பாய்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் என்னை நம்பினாள்.

பைனலுக்கு முந்தின நாள் கட்டுமரம் மட்டும் எண்ணூர்ப் பக்கம் கரை ஒதுங்கியது. மண்ணாங்கட்டி கிடைக்கவே இல்லை. ராமதாஸ் மணலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். நான் பையன்களைக் கூட்டி, அவனுக்காக ஜெயிக்க வேண்டும் என்று சொன்னேன். கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு ஆடினார்கள். அப்படி ஓர் ஆட்டத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. கெங்கம்மா கருவாடு விற்கிற தெருவழியாக நான் போவதில்லை. இப்போது அவள் தம்பியையும் யாரும் கட்டுமரத்தில் ஏற்ற மாட்டேன் என்கிறார்களாம், அந்த வீட்டு ராசி அப்படி என்று. என் ஒரு வார்த்தையில் தீர்ந்துவிடும். சொல்ல மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் போய்ச் சொல்வேன். இந்த வாரம் மட்டும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு செமிபைனல், பையன்கள் மனசு விட்டுவிடுவார்கள்.