பின்னிறகில் ஒரு கறுப்புப் புள்ளி

எனக்குத் தேநீரில் சர்க்கரை சற்றுத் தூக்கலாக இருக்க வேண்டும், ஐயா. நீங்கள் கொடுத்ததில் குறை ஒன்றுமில்லை, சும்மா சொன்னேன். என்னைச் சந்தேகமாகப் பார்ப்பதிலும் குறை இல்லை. ஆயுள் முழுவதும் நானும் தும்பிகளை அப்படித்தான் பார்த்தேன்.

அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் எனக்கென்று இருந்த ஒரே பெருமை ஒரு தும்பி. பின்னிறகின் அடியில் கறுப்புப் புள்ளி. புள்ளி இல்லாத சாதாரணத் தும்பியிலிருந்து அது வேறு இனம் என்று எழுதி, என் மனைவியின் பெயரைச் சூட்டினேன். நகை வாங்கித்தர வக்கில்லாதவன் வேறென்ன செய்வான்? அதே குளத்தில் என் வலையில் புள்ளி இல்லாதது விழுந்தால் பறக்கவிட்டுவிடுவேன். அதை யாரும் கேட்கவில்லை.

அவளுடைய தம்பியை அங்கே வேலைக்குச் சேர்த்ததும் நான்தான். சொந்தச் செலவில் சூனியம். பூச்சிப் பெட்டிகள் இருக்கும் அறைக்கு உள்ளே ஒரு சிற்றறை. அங்கே தண்ணீர்த் தொட்டிகளில் தும்பிக் குஞ்சுகளை வளர்த்தான். எதற்கு என்றால் சிரிப்பான். அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை. குஞ்சுகளுக்குச் சிறகு முளைத்ததும் கூப்பிட்டுக் காட்டினான்.

"அத்தான், எல்லாம் ஒரே அம்மா போட்ட முட்டை. இதுக்குப் புள்ளி இருக்கு, இதுக்குப் பாதி, இதுக்குச் சுத்தமா இல்ல. உங்க தும்பியும் சாதாரணத் தும்பியும் ஒரே இனம்தான்."

"அப்போ உங்க அக்கா பேரு என்னடா ஆகும்?"

"அக்கா சிரிச்சிட்டுப் போயிடுவா. உங்களுக்குத்தான் வலிக்கும்."

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"உங்ககிட்ட சொல்லாமலா? நீங்களே வெளிய சொல்லுங்க அத்தான், அதான் மரியாதை."

நல்ல பையன்.

பெட்டிகளை அரிக்கும் வண்டுகளுக்காக அந்த அறையில் அவ்வப்போது விஷப்புகை போடுவோம். செத்த பூச்சியைக் காப்பாற்ற உயிருள்ள பூச்சியைக் கொல்லும் பிழைப்பு. உள்ளே ஆள் இல்லை என்று பார்த்துவிட்டுப் புகையைத் திறந்து, வெளியே வந்து கதவைப் பூட்டி, இடுக்குகளில் தாள் ஒட்ட வேண்டும். ஒட்டிய கதவை மறுநாள்தான் திறக்கலாம்.

அன்று பெட்டிகளைப் பார்த்தேன். சிற்றறையைப் பார்க்கவில்லை. சாப்பிட்டதும் அவன் தொட்டிகளின் பக்கத்தில் ஒரு குட்டித் தூக்கம் போடுவான் என்பது தெரியும். தெரிந்ததை எதற்குப் பார்ப்பது? பாதி ஒட்டும்போது "அத்தான்" என்று குரல் கேட்டது. தட்டினான். மீதியையும் ஒட்டினேன். அரைகுறையாக விட்டால் புகை கசியும், ஐயா. வெளியே மனிதர்கள் நடமாடுகிறார்கள்.

மறுநாள் கதவோரமாகத்தான் கிடந்தான். தொட்டிகளிலும் எதுவும் மிஞ்சவில்லை.

நேற்று என் மனைவி இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தாள். திட்டவில்லை. "அந்தப் பூச்சியிலேருந்து என் பேரை எடுத்துடுங்க" என்றாள்.

அது முடியாது. சூட்டிய பெயரைச் சூட்டியவனே திரும்பப் பெற முடியாது. எங்கள் துறையில் விதி அப்படி. மற்றபடி அவள் கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை.