உளுந்துப் புஞ்சையில் ஒரு விசாரிப்பு

பெருமாயி: காலைல காருல வந்தவிய உங்ககிட்ட என்ன கேட்டாவ?

கருத்தையா: எந்தக் காரு?

பெருமாயி: ஓடைப் பாலத்துல நின்ன வெள்ளைக் காருதான். நான் வீட்டுக்குச் சோறெடுக்கப் போகும்போது பாத்தேனே. மூணு பேரு இறங்கி, நம்ம புஞ்சைக்குத்தான வந்தாவ?

கருத்தையா: வழி கேட்டாவ.

பெருமாயி: வழி கேக்கவா அரைமணி நேரம்?

கருத்தையா: ஏட்டி, செடியைப் பாத்துப் புடுங்கு. உளுந்து சிதறுது பாரு.

பெருமாயி: சிதறட்டும். குளத்தூர்க்காரவதான? நம்ம பக்கத்து வீட்டு பானு மகளைப் பொண்ணு பாத்துட்டுப் போனவிய?

கருத்தையா: ...ஆமா. காவியாவைப் பத்தி விசாரிக்க வந்தாவ. பக்கத்து வீட்டுக்காரரு, சின்னதுலருந்து பாத்திருப்பீயளேன்னு கேட்டாவ.

பெருமாயி: நீங்க?

கருத்தையா: நல்ல பிள்ளை, பி.எட். படிச்சிருக்கு, வாய் அதிரப் பேசாதுன்னேன். சோறும் நல்லாப் பொங்கும்னேன்.

பெருமாயி: அது பொங்குன சோத்தை நீங்க எப்பத் தின்னீய?

கருத்தையா: ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

பெருமாயி: ம்... பொறவு?

கருத்தையா: பொறவு... மாப்ளையோட அப்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. “அண்ணாச்சி, பிள்ளைக்கு உடம்புக்கு ஏதும் உண்டுமா, மறைக்காமச் சொல்லுங்க”ன்னாரு.

பெருமாயி: ஐயோ... என்ன சொன்னீய?

கருத்தையா: வலிப்பு உண்டுன்னு சொல்லிட்டேன்.

பெருமாயி: அட பாவி மனுசா!

கருத்தையா: இரு, முழுசாக் கேளு. மூணு வருசமா வரலை, மாத்திரைல அடங்கிட்டு, கல்யாணம் பண்ணலாம்னு டாக்டரே சொல்லிட்டாருன்னும் சொன்னேன்லா.

பெருமாயி: அதெல்லாம் அவிய காதுல ஏறுமா? தெரியாதுன்னு சொல்லிருக்கலாம்லா? பொய்கூட வேண்டாம், வாயை மூடிட்டு இருந்தாப் போதும்லா?

கருத்தையா: தெரிஞ்சதைத் தெரியாதுன்னா, அது பொய் இல்லாம என்னதாம்?

பெருமாயி: அது உங்க உடம்பா, நீங்க சொல்லுததுக்கு? அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டீயளா?

கருத்தையா: ...கேக்கலை.

பெருமாயி: பொறவென்ன.

கருத்தையா: மனுசன் கையைப் பிடிச்சுக் கேக்காரு...

பெருமாயி: கையைத்தான பிடிச்சாரு, கழுத்தையா பிடிச்சாரு? இரிங்க, போன் அடிக்குது... பானுதான்.

கருத்தையா: எடுக்காத.

பெருமாயி: சும்மா இருங்க... சொல்லு பானு... புஞ்சைலதான், உளுந்து புடுங்குதோம்... எப்ப?... அப்படியா சொன்னாவ... அழுவாத பிள்ள... யாரு சொன்னாவன்னு எனக்கெப்படித் தெரியும்?... சரி, சாயந்தரம் வாரேன்.

கருத்தையா: இப்ப நீ பொய் சொன்ன.

பெருமாயி: ஆமா, சொன்னேன். எம் புருசன்தான்னு சொல்லிட்டு, நாளைக்கு அவ மூஞ்சில எப்படி முழிக்க? வேண்டாம்னுட்டாவளாம். போதுமா?

கருத்தையா: யாரு வேண்டாம்னது? அப்பாவா, மாப்ளையா?

பெருமாயி: அப்பாதான் போன் பண்ணாராம். விசயத்தை வெளிய விடமாட்டோம், மாப்ளைகிட்டகூட ஜாதகம் பொருந்தலைன்னு சொல்லிக்கிடுதோம்னாராம்.

கருத்தையா: அது சரியில்லை. கட்டிக்கப்போறவன்கிட்டல்லா சொல்லணும்? அவன்லா வேணும் வேண்டாம்னு சொல்லணும்?

பெருமாயி: சொன்னா மட்டும்... எவன் வேணும்பான்?

கருத்தையா: அதுக்காகச் சொல்லாமக் கட்டிக்கொடுக்கவா? அங்கன போயி அந்தப் பிள்ளை மாத்திரையை ஒளிச்சுத் திங்கும். ரெண்டு நாள் விட்டுட்டா, அடுப்படில போயி விழும்.

பெருமாயி: விழாது. ஒரு நாள்கூட விடாமத் திங்கும்.

கருத்தையா: நீ கண்டியா?

பெருமாயி: நான் தின்னேன். பன்னெண்டு வயசுலருந்து எனக்கும் வலிப்பு உண்டு. சொன்னா எவனும் கட்ட வரமாட்டான்னு எங்கப்பா மறைச்சிட்டாரு. கல்யாணமான புதுசுல எங்கண்ணன் மாசாமாசம் வந்தாம்லா... தங்கச்சியைப் பாக்கவா வந்தான்? மாத்திரை கொடுக்க வந்தான். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால போயி, தண்ணியில்லாம முழுங்குவேன். அஞ்சு வருசம்... மூத்தவ நடந்து திரியும்போதுதான் டாக்டரு போதும்னு நிப்பாட்டுனாரு. என்னங்க... ஏசணும்னா ஏசுங்க. இப்படி நின்னுக்கிட்டே பாக்காதீய.

கருத்தையா: எதுக்கு ஏச?

பெருமாயி: இருபத்தேழு வருசம் மறைச்சிருக்கேன். எங்கப்பா அன்னைக்கு உண்மையைச் சொல்லிருந்தா, நீங்க என்னைக் கட்டிருப்பீயளா? நெஞ்சுல கைய வச்சுச் சொல்லுங்க.

கருத்தையா: உங்க ஊருக்கு வந்துபோன மினிபஸ் கண்டக்டரு, நிச்சயத்துக்கு மொத நாளே எங்கய்யாகிட்டச் சொல்லிட்டாரு. அய்யா வேண்டாம்னுதான் ஒத்தக் கால்ல நின்னாரு. நாந்தான் கேக்கலை.

பெருமாயி: ...தெரிஞ்சா கட்டுனீய?

கருத்தையா: மூத்தவ பிரசவத்துக்கு ஆஸ்பத்திரில சேத்தோம்லா, அன்னைக்கு நர்சம்மாவைத் தனியாக் கூப்பிட்டு, நீ மாத்திரை திங்குதன்னு சொன்னதும் நாந்தான்.

பெருமாயி: அப்பம் ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை? காருல வந்தவிய கேட்டதும் அரைமணி நேரத்துல எல்லாத்தையும் சொன்ன மனுசன், என்கிட்ட ஏன் கேக்கலை?

கருத்தையா: கேட்டிருந்தா இல்லைன்னுதான் சொல்லிருப்ப, பெருமாயி... உன்னைப் பொய் சொல்ல வைக்க எனக்கு மனசு வரலை.