காலரில் ஒரு சிவப்புப் புள்ளி

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவைத் திறந்து வைத்தாலும் சரி, சாத்தினாலும் சரி... இது வருவதற்குக் கதவு தேவையில்லை. என் நண்பன் முன்ஸிஃபின் மைத்துனி ஷீராஸுக்கு நடந்தது.

இரவு பத்து நாற்பது. துனிசியாவில் கெர்கெனாவின் இரண்டு தீவுகளையும் சேர்க்கும் கல்பாதை. இரு பக்கமும் கடல். எதிரே ஒரு வண்டி கிடையாது. காய வைத்த பேய்க்கணவாய் வாடை மட்டும். ஷீராஸ் தனியாக வேன் ஓட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் சுருட்டிய திரை, புரொஜக்டர், ஒரு பெரிய ஸ்பீக்கர். அழுதழுது அவள் கண் எரிந்தது.

அவள் ஒலிப்பதிவுக்காரி. ஊர் ஊராகப் போய் ஆவணப்படம் காட்டும் சங்கம் அவர்களுடையது. படம் முடிந்ததும் எடுத்தவர் நாற்காலி போட்டு உட்காருவார். மைக் கைமாறி வரும். வாங்குகிறவர் முதலில் தன் பெயரும் தாயின் பெயரும் சொல்லவேண்டும். பிறகுதான் கேள்வி.

அன்று காட்டியது லஸாத் எடுத்த படம். ஷீராஸுக்குப் பத்து வருடத் தோழன். இத்தாலிக்குக் கள்ளப்படகு ஏறி மூழ்கிப்போன ஏழு பையன்கள், அவர்களைப் பெற்ற ஏழு தாய்மார்... அதுதான் படம். பையன்களின் ஊரிலேயே முதல் காட்சி.

அந்தத் தாய்மாரில் ஒருத்தி மப்ரூகா. குளிர்காலத்தில் அவள் வீட்டில் படம் பிடித்தபோது, ஒரு காட்சி முடிந்ததும் தேநீர்க் கிளாஸைக் கீழே வைத்தாள்... டக்கென்று. கேட்டாள்.

"கேமரா நின்னுடுச்சா, மகளே?"

"நின்னுடுச்சு, சின்னம்மா."

பொய் இல்லை. கேமரா நின்றிருந்தது. ஆனால் முக்காட்டுக்குள்ளே, காலரில் குத்தியிருந்த குட்டி மைக்... அது நிற்கவில்லை, அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எல்லாரும் கேமராவைத்தான் பார்ப்பார்கள், காலரை யார் பார்க்கிறார்கள்? ஷீராஸுக்கே ஹெட்போனில் குரல் கேட்டபோதுதான் உறைத்தது.

"அன்னிக்கு ராத்திரி காவல் படகுக்குப் போன் போட்டது நான்தான். என் புள்ளையத் திருப்பிக் கொண்டாந்து விட்டாப் போதும்னு நெனச்சேன். வெளிச்சத்தப் பாத்துப் பயந்து பசங்க படகை ஒடிச்சுத் திருப்பியிருக்காங்க... கவுந்துடுச்சு. மத்த ஆறு அம்மாக்களோட இன்னமும் வெள்ளிக்கிழமை ஒரே தட்டுல சாப்பிடுறேன். இது இந்த வாசலத் தாண்டக் கூடாது."

ஷீராஸ் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அன்று மாலையே லஸாத்திடம் அதை அழிக்கச் சொன்னாள்.

"எங்கம்மா மேல ஆணை. அழிச்சாச்சுன்னே வெச்சுக்க" என்றான். நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், பத்து வருடம் ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றவன்.

பள்ளிக்கூட முற்றத்தில் படம் ஓடியது. முதல் வரிசையில் மப்ரூகா. பக்கத்தில் வஸீலா, இன்னொரு தாய். இருவரும் கைகோத்திருந்தார்கள். கடைசி நிமிடத்தில் திரை கறுத்தது. கிளாஸ் வைக்கும் சத்தம்... டக். பிறகு அந்தக் குரல்.

ஷீராஸ் பாய்ந்து ஒலியைக் குறைத்தாள். அதற்குள் 'நான்தான்' வந்துவிட்டது.

வஸீலா கையை உருவிக்கொண்டாள். உருவிய கையைத் தன் ஆடையில் துடைத்தாள். மப்ரூகா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைக் வந்தது. வாங்கியவர்கள் அடுத்தவரிடம் தள்ளினார்கள். மப்ரூகாவின் கைக்கு வந்தது.

"மப்ரூகா. ஹலீமாவோட மக."

அப்புறம் வெறும் மூச்சு. அவள் லஸாத்தைப் பார்க்கவில்லை. ஷீராஸைப் பார்த்தாள். மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்தாள். பின்னால் ஓட ஷீராஸுக்கு முகமில்லை.

"அம்மா மேல ஆணை வெச்சியேடா, பாவி."

"அந்தக் குரல் இல்லேன்னா படமே இல்ல. ஆறினப்புறம் நீயே சொல்லுவ" என்று லஸாத் சிகரெட்டைப் பற்றவைத்தான். பத்து வருடப் பழக்கம் அத்தோடு தீர்ந்தது.

அதற்குப் பிறகுதான் இந்தக் கல்பாதை... பத்து நாற்பது.

பின்னால் ஸ்பீக்கரில், டக்.

வயரைச் சுற்றிக் கட்டிவைத்த ஸ்பீக்கர். மின்சாரம் கிடையாது. மறுபடி... டக். பிறகு மூச்சு. ஷீராஸ் வண்டியை நிறுத்தினாள். கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது, ஆனாலும் உள்ளே பச்சைக் கடல்வாடை.

"கேமரா நின்னுடுச்சா, மகளே?"

பழக்கம்... அவள் வாய் தானாகச் சொன்னது: "நின்னுடுச்சு, சின்னம்மா."

அது பின்னால் ஸ்பீக்கரில் கேட்டது. அவள் குரலேதான். மெதுவாகக் குனிந்து பார்த்தாள். அவள் காலரில் அந்தக் குட்டி மைக். சொட்டச் சொட்ட நனைந்து... சிவப்பு விளக்கு எரிய.

அப்போது போன் அடித்தது. வஸீலா. "மப்ரூகாவக் கரையேத்திட்டோம். பத்து மணிக்கு முன்னாலயே உசுரு போயிருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஷீராஸ் மைக்கைப் பிடுங்கிக் கடலில் எறிந்தாள்.

விடியற்காலை, படகுத்துறை. முதல் ஃபெர்ரிக்கு வண்டிகள் நின்றன. லஸாத் வந்து வேன் கண்ணாடியில் தட்டினான். இறக்கினாள். கடல்வாடை முகத்தில் அறைந்தது.

"கேள்விப்பட்டேன்" என்றான். அவன் காலர் நனைந்திருந்தது. அதில் ஒரு சிவப்புப் புள்ளி. அவன் கவனிக்கவில்லை. "என்ன அப்படிப் பாக்கற?"

"ஒண்ணுமில்ல."

அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்தான். "இது நம்மளோட இருக்கட்டும், ஷீராஸ். அன்னிக்கு மைக் ஓடுதுன்னு எனக்கு முதல்லயே தெரியும்..."

பின்னால், கட்டிவைத்த ஸ்பீக்கரில் அவன் குரல் மெல்லக் கரகரத்தது. ஷீராஸ் அவனைத் தடுக்கவில்லை. பேசவிட்டாள்.