பரம்பரைச் சீனி

இப்படிக் கிட்டக்க வந்து உக்காருங்க அண்ணாச்சி. அந்தத் தூணுப் பக்கம் வெயிலு மூஞ்சியில அடிக்கி. இங்கன சொவரப் பாத்து உக்காந்தா நல்ல நெழலு. எந் தம்பி பொண்டாட்டி பேச்சிதான் எடம் பாத்து உக்கார வச்சிட்டுப் போனா. "அத்தான், இந்தப் பையில போர்டுல காட்ட வேண்டிய காயிதம் பூராவும் இருக்கு. அங்கிட்டு இங்கிட்டுத் திரும்பாம மடியிலயே வச்சிக்கிடுங்க. நாங்க ஒரு காப்பி குடிச்சிட்டு வந்திருதோம்"ன்னா. போனவங்களக் காணும். காப்பிக்கொட்டைய நட்டு வச்சி மொளைக்கட்டும்னு நிக்காவளோ என்னவோ.

நமக்கு ஊரு திருவேங்கடம் பக்கம். காலையில டவுன் பஸ்ல வந்தோம். இனி திருநெல்வேலி பஸ்ஸப் பிடிச்சி, அங்கன இருந்து ரயிலேறி, நாளைக்கு விடிய பட்டாளத்து ஆசுபத்திரியில நிக்கணும். டாக்டருமாரு வரிசையா உக்காந்து பாப்பாவ, அதுக்குப் பேருதான் போர்டு. இதான் கடைசி அப்பீலு. இதுலயும் இல்லன்னுட்டா கதவச் சாத்திட்டுப் படுக்க வேண்டியதுதான்.

யாருக்கா? எந் தம்பி மூக்காண்டிக்குத்தான். பதிமூணு வருசம் பட்டாளத்துல இருந்தான். பனிமலையில, எச்சி துப்புனா கீழ விழுமுன்ன கல்லாயிருமாம், அங்கன துப்பாக்கியப் பிடிச்சிக்கிட்டு நின்னான். ஒரு நா மயங்கி விழுந்தான். பாத்தா சீனி வியாதி. பட்டாளத்துக்காரன் வீட்டுக்குப் போன்னுட்டான். பதினஞ்சு வருசம் முடிச்சாத்தான் சர்வீஸ் பென்சனு. இவனுக்கு அது கெடையாது. ஊனப் பென்சன் ஒண்ணுதான் வழி. கேட்டா, "இது பட்டாளத்தால வந்த வியாதி இல்ல"ன்னு காயிதம் போட்டுட்டான்.

கால்ல ஒரு புண்ணு, அண்ணாச்சி. பெருவிரலு ஓரத்துல செருப்புக் கடி. ஆடித்தபசு பாக்க இந்த ஊருக்கு வந்தப்பம் கடிச்சது, பொங்கலு போயும் ஆறல. ஊசிய ஒரு நாளும் நிப்பாட்டக் கூடாது, நிப்பாட்டுனா காலு போயிரும்னு டாக்டரு சொல்லிட்டாரு. ஊசி மருந்து சும்மாவா வருது? பேச்சி தீப்பெட்டி ஒட்டுதா. அந்தப் பசை காஞ்ச கையாலதான் புருசனுக்கு ஊசியும் போட்டு விடுதா. மருந்துக்குக் குளிர்ச்சி வேணுமாம். அடுப்பங்கரை மூலையில ஒரு மண்பானை, அதுல ஈரமணலு, அதுக்குள்ள மருந்து பாட்டிலு. வீட்டுக்கு யாரு வந்தாலும் நாந்தான் கூட்டிட்டுப் போயி, மூடியத் தெறந்து காட்டுவேன். செருப்பக் கழட்டிட்டு வந்து பாப்பாவ.

பின்ன, லேசுப்பட்ட வியாதியா? எங்க ஊருல அதுவரைக்கும் சீனி வியாதி ரெண்டே பேருக்குத்தான். ஒண்ணு சண்முகையா மொதலாளி, நஞ்சையே முப்பது கோட்டை. இன்னொண்ணு ஞானஒளிவு வாத்தியாரு, வீட்டுல மூணு பேரு சர்க்கார் சம்பளம். மூணாவதா எங்க வீட்டுக்கு வந்துச்சி. காப்பிக்கடையில நான் போயி, "ஏலே, நமக்குச் சீனி போடாத"ன்னு சொன்னம் பாருங்க, பெஞ்சுல இருந்தவன் அம்புட்டு பேரும் தள்ளி உக்காந்து எடம் விட்டான். எனக்கா? எனக்குச் சீனி கெடையாது. அது அவனுகளுக்கு என்ன தெரியும்? சீனி இல்லாத காப்பி கசாயம் கணக்காத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் யாரும் பாக்காம ஒரு துண்டு கருப்பட்டிய வாயில ஒதுக்கிக்கிடுவேன். இது எனக்கும் அந்தச் சங்கரலிங்க சாமிக்கும் மட்டுந்தான் தெரியும். எம் மகளுக்கு நல்ல எடம் அமைஞ்சதே இந்தப் பேச்சாலதான். வீட்டுல சீனி வியாதி இருக்குன்னு கேட்டதும் மாப்பிள்ள வீட்டுக்காரன் பெரிய எடம்னு சம்பந்தம் பேசிட்டான்.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்... ஆங், போர்டு. போன அப்பீலுக்கு நாந்தான் கூடப் போனேன். மூத்தவன் நானிருக்க இதுகள மட்டும் அனுப்ப முடியுமா? இந்த மூக்காண்டி, கேட்டதுக்கு மேல ஒரு வார்த்த பேச மாட்டான். பேச்சிதான் பேசுனா. டாக்டரு மலையாளத்துக்காரரு, தமிழு நல்லாப் பேசுவாரு. அவருகிட்டப் போயி இவ சொல்லுதா, "அய்யா, கழுகுமலைச் சந்தையில மாடு வாங்குதவன் பல்லப் பிடிச்சிப் பாத்து, நடத்திப் பாத்து, சுழி பாத்துத்தான் வாங்குதான். நீங்களும் இவுகள நெஞ்ச அளந்து, ஓட விட்டு, ஒண்ணுக்கு மொதக்கொண்டு சோதிச்சித்தான் எடுத்திய. அப்பம் இல்லாத சீனி பொறவு எங்கன இருந்து வந்துச்சி? பத்துப் பன்னண்டு வருசம் உழுதுட்டு, நொண்டுனதும் வித்தவன் மேல பழி போடலாமா?"

பொம்பள பேசுத பேச்சா அது? கட்டுன புருசன மாட்டுக்குச் சமானமா வச்சி. ஆனா அந்த டாக்டரு பேனாவக் கீழ வச்சிட்டு, இன்னொரு டாக்டரப் பாத்து மெல்ல தலைய ஆட்டுதாரு. பொறவு சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்காரு, "குடும்பத்துல வேற யாருக்காவது சீனி இருந்துதா?"ன்னு. இந்த மடையன், "இல்ல சார்"ங்கான்.

எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க. நம்மளக் கூழு குடிச்ச கூட்டம்னுல்லா நெனப்பாரு. கதவுகிட்ட நின்ன நான் உள்ள போயிட்டேன். "சார், அவன் சின்னவன், வெவரம் பத்தாது. எங்க அய்யாவுக்குச் சீனி. எங்க தாத்தாவுக்குச் சீனி. எங்களுக்கு இது பரம்பரை பரம்பரையா வருது"ன்னேன். என்ன மரியாத தெரியுமா? எனக்கு நாற்காலி போடச் சொன்னாரு. அய்யா பேரு என்ன, தாத்தா பேரு என்ன, எந்த வயசுல வந்துச்சின்னு ஒவ்வொண்ணாக் கேட்டு, ஒரு வரி விடாம எழுதிக்கிட்டாரு.

எங்க அய்யாவா? அவரு கரிசக்காட்டுல பாம்பு கடிச்சிச் செத்தாரு. தாத்தா சீனியக் கண்ணாலயே பாத்திருக்க மாட்டாரு, பாவம். அது வேற விசயம்.

ஆறு மாசங்கழிச்சிக் காயிதம் வருது. "பரம்பரை வியாதி. பென்சன் கெடையாது." இது என்ன நியாயம் அண்ணாச்சி? பரம்பரை தர்மகர்த்தான்னா கோயில்ல பரிவட்டம் கட்டுதான். பரம்பரை நெலம்னா பட்டா குடுக்கான். பரம்பரை வியாதின்னா மட்டும்... இருங்க, இருங்க, என்னமோ சொல்ல வாரிய, இத முடிச்சிருதேன். பரம்பரை வியாதின்னா மட்டும் வெறுங்கைய விரிக்கான். நேத்து வந்த வியாதிக்குப் பென்சன், மூணு தலைமுறையாக் காப்பாத்தி வச்ச வியாதிக்கு ஒண்ணுங் கெடையாதா?

பேச்சி சண்டை போட்டாலாவது தேவல. சோத்துத் தட்ட வைக்கும்போது மட்டும் கொஞ்சம் சத்தமா வச்சா. தம்பி புண்ணுக்குத் துணி மாத்திக்கிட்டே இருந்தவன், "அண்ணே, நீ ஏன் அப்படிச் சொன்ன?"ன்னு கேட்டான். "குடும்ப மானம்லா"ன்னேன். அவன் துணி முடிச்ச இறுக்கிக் கட்டுனான்.

சரி, இந்தத் தடவ நம்மளக் கூப்பிட மாட்டாவன்னுதான் நெனச்சேன். அவளே வந்து, "நீங்க இல்லாமயா அத்தான்? பையக் காபந்து பண்ண வேற யாரு இருக்கா?"ன்னா. என்ன இருந்தாலும் மூத்தவன்லா. ராத்திரியே முடிவு பண்ணிட்டேன். போன தடவ மூணு தலைமுறைதான் சொன்னேன், அதான் எடுபடல. நாளைக்குப் பூட்டனையும் சேத்திருவேன். பூட்டனுக்குக் காலு எடுத்ததாவே சொல்லிரலாம்னு இருக்கேன்.

என்ன அண்ணாச்சி, கைய அங்கிட்டுக் காட்டுதிய? பஸ்ஸா? போயிட்டா? யாரு, அவங்களா ஏறுனாவ? நொண்டிக்கிட்டே ஒருத்தனும், கையில மஞ்சப் பையோட ஒரு பொம்பளையும்... ஆமா, அவங்கதான். எப்பம்? நான் பரிவட்டம் சொல்லும்போதா? அத அப்பமே சொல்லுததுக்கு என்ன... சரி, நீங்க வாயத் தொறந்திய. நாந்தான் இருங்கன்னேன்.

காயிதத்த என் மடியில போட்டுட்டு அங்கன போயி என்னத்தக் காட்டுவா? கோட்டிக்காரி. இருங்க, பாப்போம். பை வாயச் சாக்கு ஊசியால நெருக்கமாத் தச்சில்லா வச்சிருக்கா. உங்ககிட்டப் பாக்குவெட்டி இருக்கா? குடுங்க... ம். துண்டு ஒண்ணு. வாழையிலையில புளிச்சோறு, சூடு ஆறல. தொட்டுக்கத் தொவையலு. காயிதம் ஒண்ணையுங் காணும். அடியில என்னமோ ஒரு பொட்டலம் கெடக்கு...

கருப்பட்டி, அண்ணாச்சி. சுக்குக் கருப்பட்டி. வாயில ஒதுக்குத அளவுக்குச் சின்னச் சின்னத் துண்டா ஒடச்சி வச்சிருக்கா.