'பரவாயில்லை' என்ற சொல்லைத் தடை செய்த பெரிய சிஸ்டருக்கு

பகல்நேரக் கீமோப் பிரிவில் இருபத்தொரு ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் தலைமைச் செவிலியர் அவர்களுக்கு, உடன் உழைத்தவர்களும் உங்கள் ஆறு நாற்காலிக்காரர்களும் உளமார வழங்கும் பாராட்டு மடல்

நரம்பு நழுவினாலும் நிதானம் நழுவாத நற்கரத்தாரே! உள்ளதை உள்ளபடி கேட்டு வாங்கும் உறுதியாளரே! எங்கள் பெரிய சிஸ்டரே!

நாலு வரியாவது இப்படி அடுக்கி எழுதணும்னு சின்ன சிஸ்டர் சொன்னாங்க. முடிஞ்ச அளவுக்கு அடுக்கிட்டேன், மீதி நான் பேசுற மாதிரிதான் வரும். எழுதறது நாலாம் நாற்காலியில உக்காந்து மருந்து ஏத்திக்கிற பாட்டி. விரல் நுனி பாதிதான் உணருது, போன்ல ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு விழுது. விழாவுல படிக்கப்போறது சின்ன சிஸ்டர்தானே, பிழை இருந்தா அவங்க வாயிலயே சரியாயிடும்.

நாவின் கசப்பை நன்கறிந்த நல்லவரே!

மருந்து ஏறின மூணாம் நாள் வாய்க்குள்ள துருப்பிடிச்ச சாவியைப் போட்ட மாதிரி இருக்கும். டாக்டர்கிட்ட சொன்னா "அப்படித்தாம்மா இருக்கும்"பாரு. நீங்கதான் ஸ்டீல் ஸ்பூனை ஓரம் வச்சுட்டு பிளாஸ்டிக் ஸ்பூன்ல சாப்பிடச் சொன்னீங்க. உப்பும் சோடா மாவும் கலந்து கொப்பளிக்கச் சொன்னீங்க. "வாந்தி வந்தப்புறம் போட்டா மாத்திரைதான் முதல்ல வெளிய வரும், வர்றதுக்கு முன்னாடி போடுங்க"ன்னு எல்லார் சீட்டுலயும் சிவப்பு மையில கோடு இழுத்தீங்க.

ஒண்ணாம் நாற்காலி டிரைவர் தம்பி ஒரு நாள், "சிஸ்டர், சாப்பாடு மண்ணு மாதிரி இருக்கு"ன்னாரு.

"எவ்வளவு நாளா?"ன்னு கேட்டீங்க.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து"ன்னாரு.

பக்கத்துல இருந்த அவர் வீட்டுக்காரம்மா, "ஊசியெல்லாம் முடியட்டும், வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்"னாங்க. அன்னைக்கு ஆறு நாற்காலியும் குலுங்கிச்சு. அவரு போன மாசம் போயிட்டாரு. அந்தம்மா இதோ பின்வரிசையில வந்து உக்காந்திருக்காங்க.

சொல்லுக்குத் தடையிட்ட சுடரே!

இந்த வார்டுல செருப்புக்குத் தடை இல்ல, சத்தத்துக்குத் தடை இல்ல, ஒரே ஒரு வார்த்தைக்குத்தான் தடை. நீங்க "எப்படி இருக்கு?"ன்னு கேட்டு நாங்க "பரவாயில்ல"ன்னுட்டா, பேனாவை மூடிடுவீங்க. "அது பதில் இல்ல. சரியாச் சொல்லுங்க"ன்னு நிப்பீங்க. பின்னாடி எத்தனை பேர் காத்திருந்தாலும் நகர மாட்டீங்க. இந்த வாரம் செய்ய ஆசைப்பட்டு எதைச் செய்ய முடியாம போச்சுன்னு அடுத்ததாக் கேப்பீங்க. முதல் தடவை எனக்குக் கோவமா வந்துது. உயிர் இருக்கா இல்லையான்னு பாக்க வந்த இடத்துல ஆசையைப் பத்தி என்ன கேள்வி!

நானும் உங்களை ஏமாத்தினேன், சிஸ்டர். மூணு ஊசி வரைக்கும் விரல் மரத்துப்போனதைச் சொல்லலை. சொன்னா மருந்தை நிறுத்திடுவாங்கன்னு பயம். என் பேத்திக்கு ரெட்டைச் சடை பின்னறது என் வேலை. என் தலையில ஒரு முடி இல்லாதப்பவும் அவ தலையை நான்தான் பின்னுவேன். "பாட்டி, ஒரு சடை காதுகிட்ட இருக்கு, ஒண்ணு கழுத்துகிட்ட இருக்கு"ன்னு அவ கண்ணாடியைப் பாத்துச் சிரிச்சா. அடுத்த வாரத்துலேர்ந்து, "நானே சீவிக்கிறேன் பாட்டி"ன்னுட்டா. அன்னைக்கு ராத்திரி முடிவு பண்ணிட்டேன், இனிமே ஊசிக்கே போறதில்லன்னு.

அடுத்த ஊசிக்கு மகன் இழுத்துக்கிட்டு வந்தான். என் கட்டைவிரல்ல இருந்த கொப்புளத்தை நீங்க பாத்துட்டீங்க. சூடான டம்ளர், சூடே தெரியாம பிடிச்சிருக்கேன். "இது என்ன?"ன்னீங்க. "பரவாயில்ல சிஸ்டர்"னுட்டேன்.

நீங்க திட்டலை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து, மெதுவா ஒரு தையல்காரரைப் பத்திச் சொன்னீங்க. எட்டு வருஷம் முன்னாடி மூணாம் நாற்காலி. உங்க ஜாக்கெட்டுக்கு நீங்க அளவு குடுத்திருந்த மனுஷன். அவரை போன்ல விசாரிச்சப்ப, "லேசா காய்ச்சல், பரவாயில்ல"ன்னிருக்காரு. உங்களுக்கும் அன்னைக்கு ஆள் பத்தலை, "சரி, ரெஸ்ட் எடுங்க"ன்னு வச்சிட்டீங்க. கீமோ ஓடுறப்ப காய்ச்சல் நூறைத் தாண்டினா உடனே ஓடி வரணும். அவரு ரெண்டு நாள் கழிச்சு வந்தாரு. திரும்பிப் போகலை.

"அவர் சொன்னதும் தப்பு, நான் அதை வாங்கிக்கிட்டதும் தப்பு"ன்னு சொல்லிட்டு என் விரலை ஒவ்வொண்ணாத் தொட்டு, "இங்க தெரியுதா? இங்க?"ன்னு கேட்டீங்க. நான் அழுதுக்கிட்டே சடையைச் சொன்னேன். டாக்டர்கிட்ட நீங்களே போய் நின்னீங்க. மருந்து அளவைக் குறைச்சாங்க. விரல் பாதி திரும்பி வந்துது. இப்ப ஒத்தைச் சடைதான், அதுவும் தளர்ச்சியா. பேத்தி ஒண்ணும் சொல்றதில்ல, பள்ளிக்கூடம் போனதும் அவிழ்த்துக் கட்டிக்கிறான்னு நினைக்கிறேன். கட்டிக்கட்டும். காலையில பத்து நிமிஷம் அவ தலை என் கையில இருக்கு.

என் கட்டி சுருங்கலை, வளரவும் இல்ல. இனிமே மருந்து ஓடிக்கிட்டேதான் இருக்குமாம். நீங்க இல்லாத வார்டுல ஓடணும்.

முந்தாநாள் நான் உங்களைக் கேட்டேன்: "வீட்டுல உக்காந்து என்ன சிஸ்டர் பண்ணப்போறீங்க? எப்படி இருக்கு மனசு?"

ஊசியை டிரேயில வச்சுக்கிட்டே, "பரவாயில்லம்மா"ன்னீங்க.

ஆறு நாற்காலியும் திரும்பிச்சு. ரெண்டாம் நாற்காலி டீச்சரம்மாதான் முதல்ல சொன்னாங்க: "அது பதில் இல்ல சிஸ்டர். சரியாச் சொல்லுங்க."

சிரிக்கப் பாத்தீங்க, வரலை. "பயமா இருக்கு. இருபத்தொரு வருஷமா நான்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். வீட்டுல என்னை எப்படி இருக்கேன்னு கேக்க ஆள் கிடையாது"ன்னுட்டு, கைகழுவுற இடத்துக்குப் போய் ரொம்ப நேரம் கை கழுவினீங்க.

அன்பால் எம்மை ஆண்டவரே!

நூறாண்டு வாழ்கன்னு முடிக்கணுமாம். வருஷக் கணக்கு பேசற இடம் இது இல்லன்னு உங்களுக்குத் தெரியும். அதனால இப்படி வாழ்த்தறோம்: சாப்பிடறது நாக்குல ருசிக்கட்டும். தொடறது விரல்ல தெரியட்டும். படுத்தா தூக்கம் வரட்டும். ஆசைப்பட்ட ஒண்ணாவது வாரத்துக்கு ஒரு தடவை உங்க கையால முடியட்டும்.

ஒவ்வொரு புதன்கிழமையும் காலையில பத்து மணிக்கு உங்களுக்கு போன் வரும். ஆறு பேரும் முறை வச்சுப் பேசறதா முடிவு. முதல் புதன் நான். அப்புறம் ஒரு புதன்ல தெரியாத குரல் வரலாம், தெரியாத நம்பர் வரலாம். யாரு எங்க போனாங்கன்னு கேக்காதீங்க. அந்த நாற்காலிக்கு வந்த புது ஆளா இருக்கும், நாங்க சொல்லிக் குடுத்துட்டுப் போயிருப்போம். எப்படி இருக்கீங்கன்னு கேப்பாங்க.

சரியாச் சொல்லுங்க, சிஸ்டர்.

இப்படிக்கு,
பகல்நேரக் கீமோப் பிரிவின் செவிலியர், உதவியாளர்,
இன்றைக்கு நாற்காலியில் இருப்பவர்கள்,
இருந்தவர்களின் வீட்டார்