கதவைச் சாத்திக் குடித்தவன்

எனக்கு டீ வேண்டாம் ஐயா. டீ, காபி, வெற்றிலை எதுவும் பழக்கமில்லை. தண்ணீர் போதும்.

மதுவிலக்குப் பிரிவில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். யாரிடமும் கை நீட்டியதில்லை. காஞ்சிபுரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பிள்ளையார்பாளையத்துத் தணிகாசலத்தை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். நல்ல நெசவாளி. பொழுது சாய்ந்ததும் தறியை விட்டு எழுந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு தம்ளர் சாராயம் குடித்துவிட்டுப் படுத்துவிடுவான். சண்டை கிடையாது. தெருவில் விழுந்து கிடந்ததும் கிடையாது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விழுந்து கிடப்பவனைப் பார்த்தால் ஊர் காறித் துப்பும். இவனைப் பார்த்தால், குடித்தால் ஒன்றும் ஆகாது போலிருக்கிறது என்றுதானே நாலு பேர் நினைப்பார்கள்?

பலமுறை பிடித்தேன். ஒவ்வொரு முறையும் ஜெயிலுக்குப் போய் வந்து மறுபடி குடித்தான். கடைசியாக நான் பிடிக்கப் போனபோது அவன் மனைவி ஜெயம்மாள் வாசலை மறித்து நின்றாள்.

"அது என்னை ஒரு நாளும் அடிச்சது இல்ல சார். பகல் பூரா தறியில குந்திக்கினு இடுப்பு செத்துப் போவுது. எங்க வூட்டுக்குள்ள, நான்தான் ஊத்திக் குடுக்கிறேன். இதுல கவர்மெண்டுக்கு இன்னா சார் வந்துச்சு?"

அவள் குரலில் வெட்கமே இல்லை. அதை நான் மறக்கவில்லை.

எழுபத்தொன்றில் அரசாங்கம் மதுவிலக்கை ஒத்திவைத்தது. "இனிமே அது அவங்கவங்க பாடு. விடுய்யா" என்றார் இன்ஸ்பெக்டர், சிரித்துக்கொண்டே. அரசாங்கம் விடலாம். நான் எப்படி விடுவது?

அழிக்கச் சொன்ன சாராயத்தில் ஒரு பாட்டிலை எடுத்துவைத்தேன். மேஜை நாற்காலிக்கு மெருகு போடும் ஸ்பிரிட்டை அதில் கலந்தேன். அது உடம்பை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அதைக் குடித்துச் செத்தவர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பியவனே நான்தான்.

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். "உன்கிட்ட பிடிச்சதுதான்பா. இப்ப சட்டம் மாறிடுச்சு, வெச்சுக்க" என்றேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"உங்களைத் தப்பா நெனச்சுக்கினு இருந்தேன் சார்."

ஜெயம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

அன்றைக்கென்று ஜெயம்மாளின் தம்பி பரசுராமன் செவிலிமேட்டிலிருந்து வந்திருக்கிறான். அது எனக்குத் தெரியாது. இருவரும் பங்கிட்டுக் குடித்திருக்கிறார்கள். விடிவதற்குள் பரசுராமன் இறந்துபோனான். தணிகாசலம் பிழைத்துக்கொண்டான், பார்வை மட்டும் போய்விட்டது. இப்போது தறிக்கு முன்னால் உட்கார்ந்து பாவு நூலைக் கையால் தடவிக்கொண்டே இருக்கிறானாம்.

நான்தான் பாட்டிலைக் கொடுத்தேன் என்று ஜெயம்மாள் சொன்னது உண்மை. கலந்ததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். பரசுராமன் விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு.

ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள் ஐயா. அதற்குப் பிறகு தணிகாசலம் ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. ஜெயிலுக்கு அனுப்பி அனுப்பி அரசாங்கத்தால் முடியாதது அது. ஜெயம்மாள் இப்போது என் பேரைச் சொல்லி மண்ணை வாரித் தூற்றுகிறாள் என்றார்கள். பரவாயில்லை. நல்லது செய்தால் புரியக் கொஞ்ச நாளாகும்.